ஏரிக்காட்டில் ஒரு கொலுசுச் சத்தம்

நாயைக் கூட்டிவர ஹைதராபாத் போகிறேன் என்று சொன்னபோது எங்கள் தெருமுனை டீக்கடையில் சிரித்துவிட்டார்கள். "நாசரேத்துல இல்லாத நாயா சார்?" என்று கேட்டார் கடைக்காரர். நியாயமான கேள்விதான். எங்கள் தெருவில் மட்டும் ஏழு நாய்கள் இருக்கின்றன. ஏழுக்கும் என்னைக் கண்டால் ஆகாது. முப்பத்தோரு வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். கழுத்தில் விசில் தொங்கிய காலத்தில் பையன்கள் என்னைக் கண்டால் எதிர்ச் சாரிக்கு மாறிப் போவார்கள். நாய்களுக்கு அந்த மரியாதை தெரியவில்லை.

காரணம் என் தங்கை எஸ்தர். அவளும் அவள் வீட்டுக்காரர் ஜெபாவும் ஹைதராபாத் கொண்டாப்பூரில் இருந்துகொண்டு மென்பொருள் கம்பெனிகளில் வேலை பார்த்தார்கள். பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. கனடாவில் வேலை கிடைத்து, ஜனவரியில் மகள் கெசியாவோடு கிளம்ப இருந்தார்கள். ஒன்பது வயது நாயைக் கூண்டில் அடைத்து இரண்டு விமானம் மாற்றிக் கொண்டுபோக அவர்களுக்கு மனசு வரவில்லை. "நீங்க வச்சுக்கிடுதீயளா அண்ணே?" என்று மே மாதமே எஸ்தர் போனில் கேட்டாள்.

என் மனைவி போனபிறகு வீட்டில் நானும் ஒரு சைக்கிளும்தான். சரி என்றேன். ஆனால் எதையும் சும்மா சரி என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "பாத்துக்கிடுதேன். ஆனா சீக்குப் பிடிச்ச நாயைக் கொண்டாந்து என் தலையில கட்டிராதீய" என்றேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள் போல, அந்தப் பக்கம் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான்கு நாள் முன்னதாகவே போய், அந்த நாயோடு தினமும் நடந்து பழகி, பிறகு ஊருக்கு அழைத்து வருவது என்று ஏற்பாடு.

வியாழக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். பன்னிரண்டாவது மாடி. வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை மட்டும் கட்டாமல் பால்கனியில் தொங்கவிட்டிருந்தார்கள். நான் பெட்டியைக் கீழே வைத்த நேரத்தில் உள்ளேயிருந்து அந்த நாய் வந்தது. டீயில் நனைந்த பன் நிறம். பேரும் பன்னுதான். குட்டியாக இருந்தபோது ஒரு பேக்கரி வாசலில் கிடைத்ததாம். நேராக நடந்துவந்து என் பெட்டியில் மூக்கால் முட்டியது. பின்வாங்கி, பெட்டியை நீளவாட்டில் ஒருமுறை முகர்ந்தது. பிறகு என் செருப்பை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"பொட்டி கட்ட ஆரம்பிச்சதுல இருந்து இவனுக்குக் கோவம் அண்ணே. வேணும்னே வந்து வந்து முட்டுதான்" என்றாள் எஸ்தர்.

"போராட்டம் மச்சான். கனடா போகக் கூடாதுன்னு போராட்டம்" என்றார் ஜெபா.

அதற்குள் கெசியா வந்தாள். பதினோரு வயது. என் பெட்டியைச் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்தாள். "எல்லாப் பெட்டியும் சுவரோரம்தான் இருக்கணும் மாமா" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நாம் பேசுகிற தமிழ் அவளுக்கு நன்றாகப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தெலுங்கிலோ வரும், அந்த நேரத்தில் எது வாய்க்கு வருகிறதோ அது. ஒழுங்கான பிள்ளை என்று மனதுக்குள் மார்க் போட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிய, மூவரும் கிளம்பினோம். கெசியா, பன்னு, நான். டிசம்பர் ஹைதராபாத் குளிர் நாசரேத்துக்காரனுக்குப் புதிது. மப்ளரைச் சுற்றிக்கொண்டு நான் வாசலில் நின்றபோது கெசியா கால்சட்டையும் விளையாட்டுச் சப்பாத்தும் போட்டு வந்தாள். காலில் ஜல் ஜல் என்று சத்தம். குனிந்து பார்த்தேன். சப்பாத்துக்கு மேலே கொலுசு! போன வருடம் அவள் பிறந்தநாளுக்கு நான் செய்து அனுப்பிய வெள்ளிக் கொலுசு.

"நடக்கப் போகும்போது மட்டும் மாட்டிக்கிடுவா அண்ணே. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கா" என்றாள் எஸ்தர்.

எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாய்மாமன் சீர் அல்லவா? கனடா போகப்போகிற பிள்ளைக்கு இவ்வளவு பாசமா என்று நெஞ்சு ஓர் அங்குலம் விரிந்தது.

முதல் டாக்ஸிக்காரர் பன்னுவைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்காமலே போய்விட்டார். இரண்டாவது வண்டி தெருமுனை வரை வந்து திரும்பிக்கொண்டது. கடைசியில் ஒரு ஆட்டோ நின்றது. நாய் இருக்கிறது, பரவாயில்லையா என்று என் ஓட்டை இந்தியில் கேட்டேன். "கைக்கு சார்?" என்றார், எதற்குக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். அதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற தொனி. ஏறி உட்கார்ந்ததும் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நேற்று இதே சீட்டில் என் மைத்துனன் வந்தான் சார். அவனுக்கு இது எவ்வளவோ தேவலை." பன்னு கெசியாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு வழி முழுக்க வந்தது.

அந்தக் காட்டுப் பூங்காவின் பெயரை எழுதப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதே கூட்டம் தாங்கவில்லை. வாசலில் ஒரு காவலாளி, யாதய்யா என்று பெயர், கம்பளித் தொப்பிக்குள் முகத்தை வைத்திருந்தார். நாயைக் கயிற்றில் பிடித்துத்தான் போகவேண்டும் என்று பலகை இருந்தது. கெசியாவைப் பார்த்ததும் எழுந்து சலாம் வைத்தார். எனக்கு வைக்கவில்லை.

உள்ளே கால் மணி நேரம் நடந்திருப்போம். சீதாப்பழ மரங்களும் காய்ந்த கோரைப்புல்லும் முடிந்து பாறைகள் தொடங்கின. எங்கள் ஊர்ப்பக்கம் தேரி உண்டு, சிவப்பு மணல்காடு. ஆடிக் காற்றுக்கு மேடு இடம் மாறிவிடும். போன வருடம் உட்கார்ந்த இடத்தை இந்த வருடம் தேடவேண்டும். அதைப் பார்த்தே வளர்ந்த நான் இந்தப் பாறைகளை அண்ணாந்து பார்த்தேன். வீடு பருமன் உள்ள பாறை. அதன் மேல் இன்னொன்று. அதற்கும் மேல், ஒரு கை ஊன்றுகிற இடத்தில், மூன்றாவது. ஒரு தள்ளு தள்ளினால் உருண்டுவிடும் என்று தோன்றும். எத்தனை யுகமாக உருளாமல் இருக்கிறது! நான் ஓரமாகத்தான் நடந்தேன்.

பிறகு ஒரு பெரிய பாறைச் சரிவின் உச்சிக்கு வந்தோம். யானை முதுகு போல வழவழவென்று இறங்கி, கடைசியில் தண்ணீருக்குள் போய்விடுகிற பாறை. அதற்கு அப்பால் ஏரி. பனி இன்னும் தண்ணீரை விட்டு எழவில்லை. வாத்துகள் இருந்த இடம் தெரியாமல் சத்தம் மட்டும் வந்தது. சூரியன் எதிர்க்கரை மரங்களுக்கு மேல் ஏறியதும் அந்தப் பனி முழுவதும் ஒரே நேரத்தில் இளஞ்சிவப்பானது. நான் மப்ளரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன், கோயிலுக்குள் தொப்பியைக் கழற்றுவது போல. "கர்த்தாவே" என்று வாய் தானாகச் சொன்னது. அறுபது வருடம் நான் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று இருந்தது.

பக்கத்தில் பன்னுவும் ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. மூக்கு மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

கெசியா நாயை நடத்துகிற விதம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அவள் எப்போதும் இரண்டு எட்டு முன்னால். கயிறு தளர்ந்தே கிடக்கும். ஏற்றம் வந்தால் "எக்கு" என்பாள், இறக்கத்துக்கு "திகு", நிற்க "ஆகு". மூன்றும் தெலுங்கு. பன்னு ஒரு சொல்லுக்கும் தப்பாது. வழியில் ஒரு வேப்பமரம், ஒரு மரப்பாலத்தின் கம்பம், ஒரு கல் பெஞ்சு, எல்லாவற்றையும் மூக்கால் தொட்டுவிட்டுத்தான் நகரும். நாய் வேலை என்று விட்டுவிட்டேன்.

"என் பள்ளிக்கூடத்துல கூட இவ்வளவு ஒழுங்கை நான் பாத்ததில்ல ஏட்டி" என்றேன். என் பங்குக்கு, பாறை மேல் அவளுக்கு அட்டென்ஷனில் நிற்கச் சொல்லிக்கொடுத்தேன். குதிகால் சேர்ந்து, கை உடம்போடு ஒட்டி. "அட்டென்ஷன்ல நின்னா மூச்சு மட்டும்தான் விடலாம். மூக்குல ஈ உக்காந்தாலும் அசையக் கூடாது." அவள் நின்று காட்டினாள். ஈ வரவில்லை, சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே வந்து வண்டிக்கடையில் இட்லி. வேர்க்கடலைச் சட்னியும் இஞ்சிச் சட்னியும் வைத்தார்கள். தேங்காய்ச் சட்னி எங்கே என்று கேட்டேன். கடைக்காரம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி வேர்க்கடலையே ஊற்றினாள். மூன்றாவது இட்லியில் நான் சமாதானம் ஆகிவிட்டேன். பக்கத்தில் நின்ற இரண்டு பெரியவர்கள், மூட்டுவலிக்கு நடப்பது நல்லதா படுப்பது நல்லதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "நீ படு, நான் நடக்கிறேன், யார் முதலில் போகிறோம் பார்ப்போம்" என்றார் ஒருவர். இருவரும் சேர்ந்து சிரித்துவிட்டு இன்னொரு டீ சொன்னார்கள்.

சனிக்கிழமை கெசியாவுக்குப் பள்ளியில் வழியனுப்பு விழா. "மாமா, இன்னைக்கு நக்கோ" என்றாள். நக்கோ என்றால் ஹைதராபாத் இந்தியில் வேண்டாம். "நாளைக்கு நானும் வர்றேன். இன்னைக்கு வீட்டிலேயே இருங்க, ப்ளீஸ்" என்று ஆங்கிலத்தில் கெஞ்சினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பள்ளி வேன் வந்து ஹாரன் அடித்தது.

ஒருநாளும் பயிற்சி தவறாதவன் நான். மழைக்காகக்கூட விளையாட்டுப் பீரியடை விட்டதில்லை. வேன் போன கால் மணி நேரத்தில் பன்னுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

யாதய்யா வாசலில் இல்லை. நேற்றுப் போன பாதை இடது பக்கம். பார்த்த இடத்தையே எதற்குப் பார்க்கவேண்டும் என்று வலது பக்கம் திரும்பினேன். நான்கு எட்டில் பன்னு நின்றுவிட்டது. இழுத்தேன், வந்தது. ஆனால் வந்த விதம் சரியில்லை. முன்னங்காலை வேண்டாத உயரத்துக்குத் தூக்கி, காற்றில் ஒரு கணம் வைத்திருந்து, பிறகு மெதுவாக இறக்கியது. ஒரு அறிவிப்புப் பலகையின் காலில் தோளை இடித்துக்கொண்டது. "பாத்து நடல!" என்று அதட்டினேன்.

பாறைகளுக்கு நடுவே பாதை ஏரியோரமாக இறங்கியது. "திகு" என்று சொல்லவேண்டும் என்பது எனக்கு நினைவில்லை. நான் ஒரு திட்டிலிருந்து கீழே குதித்து, கயிற்றைச் சுண்டினேன். பன்னு நடந்துவந்தது. திட்டு முடிந்த பிறகும் நடந்தது. காற்றில் கால் வைத்து, அப்படியே பக்கவாட்டில் புரண்டு, தண்ணீருக்குள் விழுந்தது.

முழங்கால் ஆழம்தான். ஆனால் அது கரைப் பக்கம் வராமல் ஏரிக்குள் போக ஆரம்பித்தது. கேன்வாஸ் சப்பாத்தோடு இறங்கி, வயிற்றோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கிவந்து பாறையில் விட்டேன். உடம்பு வெடவெடவென்று ஆடியது. அதற்கா எனக்கா என்று தெரியவில்லை. மறுபடி ஒரு எட்டு வைத்தது, அதே உயரமான எட்டு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த எட்டை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். விளையாட்டு விழாவில் பானை உடைக்கிற போட்டிக்கு, கண்ணைக் கட்டிவிட்ட பையன் வைக்கிற எட்டு.

அதன் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினேன். கண் தெளிவாக, பளபளவென்று இருந்தது. இமை அசையவில்லை. விரலைக் கண்ணுக்கு ஓர் அங்குலம் வரை கொண்டுபோனேன். அது என் விரலை முகர்ந்து நக்கியது.

முதலில் வந்தது கோபம்தான், மறைப்பானேன். கண் தெரியாத நாயைச் சொல்லாமல் கொள்ளாமல் என் தலையில் கட்டப் பார்த்தார்களா என்று பொங்கியது. இப்போதே வீட்டுக்குப் போய் எஸ்தரைக் கேட்டுவிடுவது என்று எழுந்தேன். எழுந்தபிறகுதான் இன்னொன்று தெரிந்தது. பாறைகள் எல்லாம் ஒன்றுபோல இருந்தன. வந்த வழி எது? இரண்டு இடத்தில் முயன்று இரண்டிலும் முள்ளுக்குள் போய் நின்றேன். சுற்றிலும் ஆள் அரவம் இல்லை. விசில் ஊரில் இருந்தது.

பன்னு தலையைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது. உடம்பை ஒரு உதறு உதறியது. பிறகு, மெதுவாக, கயிற்றை இழுத்தது.

வேறு வழியில்லாமல் பின்னால் போனேன். தரையில் மூக்கை வைத்து, ஒரு பாறையைச் சுற்றி, ஒரு புதருக்கு அடியில், நின்று, திரும்பி, மறுபடி போய், கடைசியில் ஒரு கல் பெஞ்சில் வந்து மூக்கால் தொட்டது. நேற்றுத் தொட்ட அதே பெஞ்சு. அந்த நொடியில் வேறு நாயாகிவிட்டது. வால் மேலே போனது. உயரமான எட்டு போய், சாதாரண எட்டு வந்தது. அடுத்து மரப்பாலத்தின் கம்பம். அதைத் தொட்டது, பாலத்தின் நடுவில் நடந்தது. வேப்பமரம். தொட்டது, இடது பக்கம் திரும்பியது. நேற்று நாய் வேலை என்று நான் தள்ளிவிட்டது ஒவ்வொன்றும் ஒரு மைல்கல். அந்தக் காடு முழுவதும் அந்தத் தலைக்குள் இருந்தது, பாறை பாறையாக, வேர் வேராக. நேற்று ஏரியைப் பார்த்து மலைத்தேன். இன்று இந்த ஒன்பது வயது நாயைப் பார்த்து அதைவிட மலைத்தேன். கண் உள்ளவன் வழி தெரியாமல் பின்னால் வர, கண் இல்லாதவன் என்னை வாசல்வரை கூட்டிவந்தான். அது என்று அவனைச் சொல்ல அதன்பிறகு எனக்கு வாய் வரவில்லை.

வாசலில் யாதய்யா இருந்தார். எங்கள் இருவரின் ஈரத்தையும் பார்த்துத் தொப்பியைக் கழற்றிவிட்டார். "கஜ்ஜெல பாப்பா எங்கே?" என்று கேட்டார். கஜ்ஜெ என்றால் சலங்கை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அவர் பன்னுவைக் காட்டி, தன் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக் கணுக்காலுக்குப் பக்கத்தில் பிடித்து ஜல் ஜல் என்று ஆட்டியபடி இரண்டு எட்டு நடந்தார். பிறகு கண்ணைத் திறந்து, "மணி கட்டாமல் இவனைத் தனியாகக் கூட்டிப் போகலாமா சார்?" என்றார்.

"இவனுக்குக் கண் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஹவ்" என்றார். ஆமாம். ஏழெட்டு மாதமாகத் தெரியும், அந்தப் பாப்பாதான் அழுதுகொண்டே சொன்னது என்றார்.

ஆக, கொலுசு எனக்காக இல்லை. நான் விரித்த அந்த ஓர் அங்குல நெஞ்சை மடித்து வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

சாயங்காலம் கெசியா வந்ததும் அவளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனேன். என் சப்பாத்து அங்கே காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகம் வெளுத்துப்போனது.

"அப்பா அம்மாவுக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையாட்டினாள். ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்: பந்தை எறிந்தபோது அவன் தேடாமல் நின்றான். இரண்டு வாரம் சோதித்துப் பார்த்தாள். தெரிந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். அன்றைக்குத்தான் அந்தப் போன்.

"என்ன போன்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இந்த முறை பதில் தமிழில் வந்தது, என் குரலிலேயே, என் இழுப்போடு. "சீக்குப் பிடிச்ச நாயைக் கொண்டாந்து என் தலையில கட்டிராதீய."

பக்கத்துக் கட்டடத்தில் யாரோ கம்பளியை உதறிக்கொண்டிருந்தார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பேச்சுக்குச் சொன்னதை இந்தப் பிள்ளை ஏழெட்டு மாதம் சுமந்திருக்கிறது. நான் வேண்டாம் என்றுவிட்டால் அவன் கதி என்ன என்று பயந்து, பெட்டிகளைச் சுவரோரம் தள்ளி, மரத்தையும் கம்பத்தையும் மூக்கில் தொட்டுக் காட்டி, மூன்று சொல் பழக்கி, பார்க்கிறவர்கள் கேலி செய்தாலும் சப்பாத்துக்கு மேல் கொலுசு போட்டு நடந்திருக்கிறாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளை நான் இப்படித்தான் ஒரு வாய்ச்சொல்லில் பயமுறுத்தியிருப்பேனோ? எனக்கு வெட்கமாக இருந்தது. அவளிடமே அதைச் சொன்னேன்.

"அப்ப அவனைக் கூட்டிட்டுப் போவீங்களா?" மறுபடியும் தமிழிலேயே கேட்டாள்.

"அவன் வருவானான்னு கேளுட்டி. நான் அவனைத் தண்ணியில தள்ளினவன்."

அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை. அதுதான் உண்மையான கேள்வி என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

அன்று மாலையே ஜெபாவிடமும் எஸ்தரிடமும் சொன்னோம். ஜெபா ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, பன்னுவின் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தார். மறுபடி ஆட்டினார். "போராட்டம்னு சொன்னேனே மச்சான்" என்றார். எஸ்தர் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றிரவே கால்நடை மருத்துவர் பரிசோதித்து, விழித்திரை போய்விட்டது, திரும்பாது, வலி இருக்காது என்றார். பழகிய சத்தமும் பழகிய கையும் இருந்தால் போதுமாம்.

எனக்கு நாளை ஒரு நாள்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் எல்லாரும் போனோம். வாசலிலேயே கெசியா கொலுசைக் கழற்றினாள். "உக்காருங்க மாமா" என்றாள். என் கணுக்காலுக்கு அது எட்டவில்லை. சப்பாத்தின் லேஸில் கோத்து, இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள். தாய்மாமன் கொடுத்த சீரைத் திருப்பி வாங்குகிற வழக்கம் எங்களில் கிடையாது. நான் காலை நீட்டி வாங்கிக்கொண்டேன். யாதய்யா எழுந்து, இந்த முறை எனக்கும் சலாம் வைத்தார்.

பிறகு அவள் வாத்தியார், நான் பையன். "காலைத் தேய்க்காதீங்க. தூக்கி வைங்க. ரெண்டு எட்டு முன்னாடி, மூணு ஆகக் கூடாது. சொல்லாம நிக்கவே கூடாது. நின்னா அவன் வந்து இடிப்பான், அப்புறம் உங்களை நம்ப மாட்டான்." எக்கு, திகு, ஆகு. பத்துத் தடவை சொல்ல வைத்தாள். எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முப்பத்தோரு வருடம் நான் போட்ட கட்டளைகளுக்கு அன்று வட்டியோடு கிடைத்தது.

யானை முதுகுப் பாறையின் உச்சிக்கு வந்தோம். பனியும் வெளிச்சமும் வெள்ளிக்கிழமை போலவே. கெசியா பன்னுவின் கயிற்றை அவிழ்த்தாள். யாதய்யா வாசலில்தான் இருக்கிறார், பார்க்கவில்லை.

"நீங்க கீழே தண்ணி வரைக்கும் போங்க மாமா. நான் இங்கேயே நிப்பேன். அவனே முடிவு பண்ணட்டும்."

குனிந்து அவன் நெற்றியில் நெற்றியை வைத்தாள். பிறகு நிமிர்ந்து, குதிகாலைச் சேர்த்து, கையை உடம்போடு ஒட்டி, அட்டென்ஷனில் நின்றாள்.

நான் நடந்தேன். "திகு" என்றேன். ஜல் ஜல். ஒரு எட்டு, இரண்டு எட்டு. பின்னால் ஒன்றும் வரவில்லை. ஐந்து எட்டில் "ஆகு" என்று எனக்கே சொல்லிக்கொண்டு நின்று, திரும்பிப் பார்த்தேன்.

பன்னு அவள் முழங்காலில் சாய்ந்து நின்றான். அவள் வாசனை அங்கே. கொலுசு இங்கே. அவன் காது ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமுமாகத் திரும்பியது. அவள் கையை நக்கினான். அவள் விரல் அசையவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் இறங்கி உதட்டு ஓரம் வரை வந்தது, அதைத் துடைக்கக்கூட அவள் கையைத் தூக்கவில்லை. ஈ உட்கார்ந்தாலும் அசையக் கூடாது என்று சொன்னவன் நான்தான். என்னால் பார்க்க முடியவில்லை. ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, காலை நன்றாகத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தேன். எக்கும் திகும் எல்லாம் கலந்துபோய், "வால பன்னு, வாய்யா" என்று நாசரேத் தமிழில் கெஞ்சிக்கொண்டே நடந்தேன்.

வாத்துகள் கத்தின. அதற்கு நடுவே, பாறையில் நகம் படுகிற சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். முதலில் தூரத்தில். பிறகு இரண்டு எட்டுப் பின்னால்.

தண்ணீர் ஓரத்தில் "ஆகு" என்றேன். நின்றான். நான் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ரயிலேறினோம். பிரேக் வேனில் நாய்க்கூண்டு என்று இருந்ததை ஜெபா மாற்றி, அவனையும் என்னையும் முதல் வகுப்பில் ஒரே அறையில் ஏற்றிவிட்டார். கொலுசுக் காலோடு பிளாட்பாரத்தில் நான் நடந்ததைப் பார்த்துச் சிரித்தவர்கள் பட்டியல் பெரிது. அதைச் சொல்லிக் கட்டுரையை வளர்க்கவில்லை.

இப்போது தினமும் விடியலில் எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் நடக்கிறோம். பனைமரம், மதகு, சுமைதாங்கிக் கல். மூன்றையும் அவன் மூக்கு படித்துவிட்டது. பழைய மாணவர்கள் சைக்கிளை நிறுத்திக் காலைப் பார்க்கிறார்கள். பி.டி. சார் கொலுசு போட்டுக்கொண்டு தெலுங்கு பேசுகிறார் என்று டீக்கடையில் செய்தி.

போன வாரம் நடக்கும்போதே கனடாவிலிருந்து போன். அங்கே சாயங்காலமாம். வெண்பனி கொட்டுகிறதாம். "மாமா, ஒண்ணும் பேசாதீங்க. போனைக் காலுக்குப் பக்கத்துல வைங்க" என்றாள் கெசியா. குனிந்து, போனைக் கணுக்காலோரம் பிடித்துக்கொண்டு, கூன் விழுந்தவன் போலக் கரை நெடுக நடந்தேன். ஜல் ஜல். பின்னால் டிக் டிக். போனில் சத்தமே இல்லை. கேட்கிறாளா, லைன் போய்விட்டதா என்று பார்க்க நின்றேன். முட்டிக்குப் பின்னால் ஈர மூக்கு வந்து இடித்தது.

"மாமா!" என்று கனடாவிலிருந்து அதட்டல் வந்தது. "ஆகு சொல்லாம நின்னுட்டீங்களா?"

குதிகாலைச் சேர்த்து, அட்டென்ஷனில் நின்று, "தப்புதான் டீச்சர்" என்றேன்.